சோதனைக்காரன்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தின் பால் ஸ்டோரில் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு வயது 19. பால்வெட்டுக்காரர்கள் கொண்டுவரும் ரப்பர் பாலை எடைபோட வேண்டும். கொஞ்சம் எடுத்து மெட்ரோலாக் கருவியை மிதக்கவிட்டு, அதில் ரப்பர் எவ்வளவு என்று குறிக்க வேண்டும். நல்ல பாலிலேயே நூற்றுக்கு 30லிருந்து 40 பங்குதான் ரப்பர், மீதி பெரும்பாலும் தண்ணீர்.

ஒரு நாள் ஓர் அக்காவின் பாலில் கருவி தக்கை மாதிரி எழும்பி நின்றது. ரப்பர் தண்ணீரைவிட லேசு. பாலில் தண்ணீர் சேரச் சேரக் கருவி மேலே ஏறும்.

"மழைத்தண்ணி தம்பி" என்றார். முந்தின நாள் மழையே இல்லை. பேசாமல் குறித்துக்கொண்டேன்.

"வந்துட்டான்யா சோதனைக்காரன்!"

அக்கா சொன்னதும் வரிசை முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன். பள்ளியில் பரீட்சையையே சோதனை என்றுதானே சொல்லி வளர்ந்தோம்?

அக்கா ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர் என்பது பிறகுதான் உறைத்தது. தமிழ் பைபிளில், மத்தேயு 4:3இல், 40 நாள் பட்டினி கிடந்த இயேசுவிடம் கல்லை அப்பமாக்கச் சொல்லி வருகிறானே சாத்தான், அவன் பெயர் சோதனைக்காரன். மலாய் மொழியில் சோதிப்பதற்கு 'ஊஜி', ஆசைகாட்டி இழுப்பதற்கு 'கோடா' என்று தனித்தனிச் சொல் இருக்கிறது. நமக்கு இரண்டுக்கும் ஒரே சோதனை. மோகினி, மயக்கி என்று பெண்ணுக்கு மட்டும் வேண்டிய அளவு சொல் வைத்திருக்கிறோம், அது வேறு கதை.

கருவியைப் பிடித்திருந்த நான் எப்படி ஆசைகாட்டியாவேன் என்று கொஞ்ச நாள் கோபம். ஆனால் எடைக்குக் காசு என்று தராசை வைத்துவிட்டு, பக்கத்திலேயே தண்ணீர்க் குழாயையும் வைத்தது யார்? ஸ்டோர்தான்.

அடுத்த மாதம் கட்டிப்பால், அதாவது உறைந்து கட்டியான ரப்பர் பால், வாங்கும் வெளியாள் ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். "ராத்திரி ஸ்டோர் கதவை மட்டும் பூட்டாம விடுங்க தம்பி" என்று 50 வெள்ளி நோட்டை எடைப் புத்தகத்துக்குள் செருகிவிட்டுப் போனார். கதவைப் பூட்டினேன். நோட்டு மட்டும் இரண்டு நாள் என் சட்டைப்பையில் கிடந்தது. மூன்றாம் நாள்தான் திருப்பிக் கொடுத்தேன்.

அன்று அக்காவின் பாலில் கருவி ஒழுங்காக இறங்கி நின்றது.

"என்ன சோதனைக்காரா, எவ்வளவு?"

"34 அக்கா."

"நல்லாப் பாரு. கூட இருக்கும்."