கன்ட்ரோல் குழியில் ஒளிந்திருந்த ஈஸ்ட்ரோஜன்

ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன்களில் முக்கியமான ஈஸ்ட்ரடையாலைக் கொடுத்தால், எம்சிஎஃப்-7 என்ற மார்பகப் புற்றுநோய்ச் செல்கள் வேகமாகப் பெருகும். மார்பகப் புற்றுநோய் ஆய்வில் இது பால பாடம். அதைச் செய்து காட்டு என்றார் கைடு. ஒரு வாரத்து வேலை என்று நினைத்தேன், மூன்று மாதம் இழுத்தது.

ஆறாம் நாள், தட்டில் ஒட்டிய செல்களை டிரிப்சின் என்ற நொதி போட்டுப் பிரித்து எண்ணினால், ஹார்மோன் விட்ட குழியிலும், அதைக் கரைக்கும் எத்தனாலை மட்டும் விட்டு ஒப்பிட வைத்த கன்ட்ரோல் குழியிலும் ஏறக்குறைய ஒரே கணக்கு. ஹார்மோன் கெட்டுவிட்டதோ என்று புதிதாகக் கரைத்தேன். என் கண்ணில்தான் கோளாறோ என்று தோழியையும் எண்ணச் சொன்னேன். அதே கணக்குதான்.

துப்புக் கொடுத்தது 4-ஹைட்ராக்ஸிடமாக்சிஃபென். ஈஸ்ட்ரோஜனைத் தடுக்கும் மார்பகப் புற்றுநோய் மருந்தான டமாக்சிஃபெனைக் கல்லீரல் இந்த வீரியமான வடிவத்துக்கு மாற்றும். தட்டில் கல்லீரல் ஏது, அதனால் இதையே நேராக விடுவோம். ஹார்மோனே சேர்க்காத குழியில் இதை விட்டதும் வளர்ச்சி கன்ட்ரோலுக்கும் கீழே இறங்கியது. இல்லாத ஈஸ்ட்ரோஜனை இது எப்படித் தடுக்கும்?

"மீடியம் என்ன கலர்?" என்றார் லேபில் மூத்த அக்கா. செல்கள் வளரும் சத்துத் திரவத்தைத்தான் கேட்டார். சிவப்பு. அமிலம் கூடினால் மஞ்சளாகிக் காட்டச் சேர்க்கும் ஃபீனால் ரெட் சாயம். அது, செல்லில் ஈஸ்ட்ரோஜனைப் பிடித்துக்கொள்ளும் புரதமான ஈஸ்ட்ரோஜன் ஏற்பியில் ஒட்டும் என்று 1986-லேயே எழுதிவிட்டார்கள். ஒட்டும் திறன் ஈஸ்ட்ரடையாலில் 0.001 சதவீதம்தான், ஆனால் மீடியத்தில் அது கொட்டிக் கிடக்கிறதே! உண்மைக் குற்றவாளி சாயம்கூட இல்லையாம், அதில் கலந்து வரும் ஒரு மாசு என்று பிறகு கண்டுபிடித்தார்கள். போதாக்குறைக்கு, மீடியத்தில் சேர்க்கும் மாட்டு ரத்தச் சீரத்தில் மாட்டு ஹார்மோன்கள் வேறு.

சரி என்று நிறமில்லாத மீடியத்துக்கு மாறினேன். சீரத்தைக் கரித்தூளும் டெக்ஸ்ட்ரானும் கலந்து சுழற்றி, ஹார்மோன்களைக் கரியில் உறிஞ்ச வைத்தேன். செல்களைப் பலமுறை கழுவி ஐந்து நாள் பட்டினி போட்டேன். தண்ணீர் போன்ற மீடியத்தில் மஞ்சளாவது தெரியாது. எப்போது மாற்றுவது என்று நாள் எண்ணித்தான் முடிவு செய்ய வேண்டும்.

இம்முறை கன்ட்ரோல் செல்கள் மந்தமாகக் கிடந்தன. ஒரு நானோமோலார் ஈஸ்ட்ரடையால் விட்டவை மூன்று மடங்கைத் தாண்டின. அதனோடு 4-ஹைட்ராக்ஸிடமாக்சிஃபென் சேர்த்தால் கன்ட்ரோல் அளவுக்கே திரும்பின. அதைத் தனியாக விட்டால் பெரிய மாற்றம் இல்லை. ஈஸ்ட்ரோஜன் ஏற்பியே இல்லாத எம்டிஏ-எம்பி-231 என்ற வேறு மார்பகப் புற்றுநோய்ச் செல்கள் எதற்கும் அசையவில்லை. அன்று மதியச் சாப்பாடு மறந்தே போயிற்று.

அடுத்து கருப்பை உள்வரிச் செல்கள். அங்கே இதே மருந்து ஈஸ்ட்ரோஜன் போலவே நடந்துகொள்ளும். தட்டுகள் இன்குபேட்டரில் இருக்கின்றன, இம்முறை நிறமில்லாத மீடியத்தில்.