சர்க்கரைத் தண்ணி வேண்டாம், சீம்பால் போதும்

ஓசூர், தளி பக்கம் மார்கழிக் குளிரில் பிள்ளை பிறந்தாலும் பாட்டிமார் கை முதலில் சர்க்கரைத் தண்ணிக்குத்தான் போகும். வேண்டாம். முதல் நாள் குழந்தையின் வயிறு ஒரு வேளைக்குக் கொள்வதே 5, 7 மில்லிதான். மஞ்சளாய்ச் சொட்டும் சீம்பால் தாராளம். பிறந்த 1 மணி நேரத்துக்குள் மார்பில் போடுங்கள், பிறகு நாளைக்கு 8 முதல் 12 தடவை. குளிருக்கு, தொப்பி மாட்டி வெறும் மார்போடு அணைத்து மேலே போர்வை. துணிமூட்டையாகக் கட்டுவதைவிட அதில்தான் சூடு.

காம்பு வெடிக்கிறதா? பிள்ளை காம்பை மட்டும் கவ்வுகிறது. சுண்டுவிரலை வாயோரம் நுழைத்து விடுவித்து, கொட்டாவி அளவுக்கு வாய் திறந்ததும் காம்பைச் சுற்றியுள்ள கருவளையமும் உள்ளே போகும்படி அணையுங்கள். கீழுதடு வெளியே மடிந்து, மோவாய் மார்பில் பதியணும்.

பால் போதுமா என்பதை அழுகையைவிட ஈரத்துணி சரியாகச் சொல்லும்: 5ஆம் நாளிலிருந்து தினம் 6 தடவையாவது சிறுநீரில் துணி நனையணும். முதல் 24 மணி நேரத்திலேயே உடம்பு மஞ்சளித்தால் வெயிலில் காட்டிக்கொண்டிருக்காமல் உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.