தூக்கம் விழித்து எடுக்கும் ஈ.ஈ.ஜி.: முதல் நாள் மாலை முதல் மறுநாள் காலை வரை

காலையில் பல் துலக்கும்போது பிரஷ் கையிலிருந்து தெறித்து விழும். டம்ளரில் இருக்கும் காபி ஒரே உதறலில் சட்டையில் கொட்டும். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு இது நடந்தால், "கவனம் எங்கே இருக்கு?" என்று திட்டு விழுமே தவிர, வலிப்பு என்று யாருக்கும் தோன்றாது. பிறகு ஒருநாள், பரீட்சைக்காக விடிய விடியப் படித்த மறுநாளோ, ராத்திரி பஸ்ஸில் ஊர் போய் இறங்கிய காலையிலோ, கைகால் வெட்டி முழு வலிப்பே வந்துவிடும். ஜுவனைல் மயோக்ளோனிக் எபிலெப்சி என்கிற, பதின்ம வயதில் தொடங்கும் வலிப்பு வகையில் பெரும்பாலும் இப்படித்தான் வெளிப்படும். தூக்கக்கேடு அதை நன்றாகவே தூண்டிவிடும்.

டாக்டரிடம் பெரிய வலிப்பை மட்டும் சொல்லி, காலை உதறலைச் சொல்லாமல் விடுகிறவர்கள் ஏராளம். தயவுசெய்து சொல்லுங்கள், முடிந்தால் போனில் வீடியோவும் எடுத்துக் காட்டுங்கள். கார்பமசெபைன் போன்ற சில மாத்திரைகள் இந்த உதறலைக் கூட்டிவிடும் என்பதால், எந்த வகை வலிப்பு என்று தெரிந்தால்தான் சரியான மருந்து தர முடியும்.

ஈ.ஈ.ஜி. என்பது மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் பரிசோதனை. விழித்திருக்கும்போது அரைமணி நேரம் எடுத்த ஈ.ஈ.ஜி. நார்மல் என்று வந்தால் வலிப்பு நோய் இல்லை என்று ஆகிவிடாது. தூக்கம் குறைந்தால் மூளை எளிதில் கிளர்ச்சி அடையும். கண் சொக்கும் நேரத்திலும் லேசான தூக்கத்திலும் வலிப்பு அலைகள் தலைகாட்ட வாய்ப்பு அதிகம். பரிசோதனைக்கு முந்தைய இரவு விழிக்கச் சொல்வது அதற்காகத்தான்.

எத்தனை மணி நேரம் விழிக்க வேண்டும் என்பது இடத்துக்கு இடம், வயதுக்கு வயது மாறும். சீட்டில் எழுதியிருப்பதை அப்படியே செய்யுங்கள். டாக்டர் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள். துணைக்கு இரண்டு பேர் முறை வைத்து விழிப்பது நல்லது, ஏனென்றால் ஒரே ஆள் என்றால் மூன்று மணிக்கு அவரே அசந்துவிடுவார். அன்றிரவு பாத்ரூமுக்குத் தாழ்ப்பாள் வேண்டாம், அடுப்புப் பக்கமும் விட வேண்டாம். டீ, காபி, கோலா குடித்தால் பரிசோதனை அறையில் தூக்கம் வராது. வெறும் வயிற்றோடும் போகக் கூடாது: சர்க்கரை இறங்கியிருக்கும்போது, பரிசோதனையில் சொல்வதுபோல் வேகமாக மூச்சு விட்டால் மெதுவான அலைகள் மிகுந்து பதிவு குழம்பும்.

நம் வீடுகளில் அதிகம் சொதப்புவது தலை எண்ணெயில்தான். முதல் நாளே ஷாம்பு போட்டு இரண்டு முறை அலசி, நன்றாகக் காய வையுங்கள். கண்டிஷனர் வேண்டாம். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் வயர்களை ஒட்டும் பேஸ்ட் ஒட்டாது, மின்தடை ஏறும், தலையில் ஒட்டும் 21 எலக்ட்ரோடையும் (வயர் முனைகள்) மறுபடி தேய்த்து ஒட்ட வேண்டிவரும். அதற்குள் வந்த தூக்கம் கலைந்துவிடும்.

அடுத்த சொதப்பல் வழியில் நடக்கும். ராத்திரி முழுக்க விழித்த பிள்ளை, ஆட்டோவில் இருபது நிமிடம் தூங்கிவிட்டால் பட்ட பாடு வீண். பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்துக்கொண்டே வாருங்கள். பைக் வேண்டவே வேண்டாம், பின்னால் உட்கார்ந்தாலும் சரி.

உள்ளே டேப் வைத்து அளந்து, தலையில் பென்சிலால் குறி போட்டு வயர்களை ஒட்டுவார்கள். வலிக்காது. மூன்று நிமிடம் வேகமாக மூச்சு விடச் சொல்வார்கள். விரல் நுனியும் உதடும் குறுகுறுக்கும், பயப்பட வேண்டாம். ஆஸ்துமா, இதய நோய், கர்ப்பம் இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். பிறகு கண்ணெதிரே விளக்கு மின்னும். அதன்பின் தூங்க விடுவார்கள். காலை உதறல் உள்ளவர்களுக்கு, எழுப்பிய பின்பும் சில நிமிடம் பதிவு ஓட வேண்டும் என்று டெக்னீஷியனிடம் சொல்லுங்கள். கண் விழித்த கொஞ்ச நேரத்தில்தான் அந்த அலைகள் அதிகம் வரும்.

வீட்டுக்கு வந்ததும் தூங்கட்டும், ஆனால் தனியாக விடாதீர்கள். மறுநாள் காலையும் கவனம் வேண்டும். வலிப்பு வந்தால் மணியைப் பாருங்கள், ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள். கையில் சாவியோ இரும்போ கொடுப்பதால் வலிப்பு நிற்காது. ஐந்து நிமிடம் தாண்டினாலும், தெளிவு வருமுன் அடுத்தது வந்தாலும் உடனே 108-ஐ அழையுங்கள்.

ரிப்போர்ட் வாங்கப் போகும்போது ஒரு நோட்டும் எடுத்துப் போங்கள். தூங்கிய நேரம், எழுந்த நேரம், விட்டுப்போன மாத்திரை, உதறல் வந்த காலைகள், இந்த நான்கும் ஒரு மாதத்துக்கு எழுதியிருந்தால் போதும். சிவராத்திரிக் கண்விழிப்பு, நைட் ஷிப்ட், குறட்டை பற்றியும் அன்றே கேட்டுவிடுங்கள். குறட்டையோடு மூச்சுத் தடைபட்டால் படுத்த நேரம் எட்டு மணி என்றாலும் தூக்கம் கெட்டதாகவே கணக்கு.