கராஜுக்குப் போய் வந்த பிறகு செத்த ஹீட்டர்: கால்கரி (கனடா) நாட்குறிப்பு

ஜனவரி 9

வாட்டர் பம்ப் மாற்றி கார் கைக்கு வந்தது. பழைய பம்பின் ஓரமெல்லாம் கூலன்ட் (எஞ்சினின் சூட்டைத் தணிக்கச் சுற்றி ஓடும் திரவம்) இளஞ்சிவப்பாகக் காய்ந்து பொரிந்து கிடந்ததை மெக்கானிக் எடுத்துக் காட்டினார், அதனால் மாற்றியதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. வெளியே மைனஸ் 22. டீர்ஃபுட் டிரெயில் நெடுஞ்சாலையில் ஏறிப் பாதி வழி வந்தும் ஹீட்டரிலிருந்து வருவது ஐஸ் காற்று. டெம்பரேச்சர் முள் மட்டும் நடுவில் ஜம்மென்று நிற்கிறது. போன வாரம் வரை இதே ஹீட்டரில் ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டுத்தான் ஓட்ட முடியும்.

ஜனவரி 10

கராஜுக்கு போன் போட்டேன். "குளிர் அதிகம், சூடாக நேரம் பிடிக்கும்" என்றார்கள். இது எனக்கு இங்கே முதல் குளிர்காலம் என்று நினைத்துவிட்டார்கள் போல. மூச்சுக்காற்று முன் கண்ணாடியின் உள்பக்கம் பட்டுப் பட்டு உறைகிறது, ஓட்டிக்கொண்டே ஒரு கையால் சுரண்ட வேண்டியிருக்கிறது. மகள் பின் சீட்டில் போர்வைக்குள். ஹீட்டர் இல்லை என்றால் சொகுசு இல்லை என்பதோடு போவதில்லை, ரோடே தெரியாது.

கவனித்த ஒன்று: சிக்னலில் நிற்கும்போது சில்லென்று வரும் காற்று, ஆக்சிலரேட்டரை மிதித்தால் லேசாக வெதுவெதுப்பாகிறது, விட்டால் போய்விடுகிறது. டாஷ்போர்டுக்கு உள்ளே 'களக் களக்' என்று தண்ணீர் புரளும் சத்தம் வேறு.

ஜனவரி 12

நேரில் கொண்டுபோய்க் காட்டினேன். ஹீட்டர் கோர், அதாவது சூடான கூலன்ட் ஓடி கேபின் காற்றைச் சூடாக்கும் குட்டி ரேடியேட்டர், அடைத்துக்கொண்டதாம், டாஷ்போர்டு முழுவதையும் கழற்றணுமாம், 1,400 டாலர், வரி தனி. பம்ப் மாற்றுகிற வரை ஒழுங்காக இருந்த கோர், அவர்கள் கை வைத்த அன்றைக்கே அடைத்துக்கொள்ளுமா? யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

ராத்திரி மதுரைக்கார அண்ணன் ஒருவரிடம் பேசினேன், ஊரில் லாரி பட்டறையில் இருந்தவர். எடுத்ததுமே, "ஹோஸைத் தொட்டுப் பாத்தியா தம்பி?" என்றார். எஞ்சினிலிருந்து கேபினுக்குள் இரண்டு ரப்பர் ஹோஸ் போகும், ஒன்று சூடான கூலன்டை உள்ளே கொண்டுபோகும், மற்றது திருப்பிக் கொண்டுவரும். இரண்டும் சுட்டால் தண்ணீர் ஓடுகிறது, காற்றைத் திருப்பிவிடும் கதவில் கோளாறு. இரண்டும் ஆறிக் கிடந்தால் கூலன்ட் குறைச்சல், இல்லையென்றால் தெர்மோஸ்டாட் (எஞ்சின் சூடானதும் கூலன்டை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் வால்வு) திறந்தபடி நின்றிருக்கும். ஒன்று சுட்டு ஒன்று ஆறியிருந்தால் உள்ளே அடைப்பு, அல்லது காற்று.

ஜனவரி 13

ஒன்று கை வைக்க முடியாத சூடு. இன்னொன்று சில்லென்று இருக்கிறது.

அண்ணன் காற்று என்றுதான் அடித்துச் சொல்கிறார். பம்பைக் கழற்றினால் கூலன்ட் வடிந்துவிடும், திரும்ப ஊற்றும்போது காற்றை வெளியேற்றாமல் மூடியைப் போட்டுவிட்டால் அது மேட்டில் போய் உட்கார்ந்துகொள்ளும். பல கார்களில் அந்த மேடு ஹீட்டர் கோர்தான். எஞ்சின் வேகமாகச் சுற்றினால் பம்ப் கொஞ்சம் தண்ணீரைத் தள்ளிவிடுகிறது, அதனால்தான் அந்த வெதுவெதுப்பு. முள் எஞ்சின் சூட்டைத்தான் சொல்லும், கோருக்குள் தண்ணீர் போகிறதா இல்லையா என்பது அதற்குத் தெரியாது.

ஜனவரி 17

சனிக்கிழமை. வீட்டு டிரைவ்வே ஏற்றமாக இருப்பது முதல்முறையாக உபயோகப்பட்டது. காரின் மூக்கு மேலே பார்க்க நிறுத்தி, எஞ்சின் முழுக்க ஆறியிருக்கும்போதே ரேடியேட்டர் மூடியைத் திறந்தேன் (சூட்டில் திறந்தால் கொதிக்கிற தண்ணீர் முகத்தில் அடிக்கும்). உயரமான புனல் ஒன்றை வாயில் இறுக்கிப் பொருத்தி, பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட் ஊற்றி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து எஞ்சினை ஓடவிட்டேன். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. தெர்மோஸ்டாட் திறந்ததும் புனலில் இருந்த கூலன்ட் சட்டென்று உள்வாங்கியது, பின்னாலேயே ஒரு பெரிய குமிழி, அப்புறம் சோடா பாட்டில் திறந்த மாதிரி பொடிப்பொடியாக வந்துகொண்டே இருந்தது. ரேடியேட்டரின் மேல் ஹோஸைக் கையுறையோடு பிசையப் பிசைய இன்னும் வந்தது. ரேடியேட்டர் ஃபேன் ஓடி நிற்கும் வரை விடவில்லை. கிட்டத்தட்ட ஒரு லிட்டர் குடித்திருக்கிறது, அவ்வளவும் காற்றாக இருந்த இடம்!

கலவையையும் பார்த்துவிட்டேன். வெறும் தண்ணீரை ஊற்றி வைத்திருந்தால் இந்த ஊர்க் குளிரில் உறைந்து எஞ்சின் பிளாக்கே வெடித்துவிடும். பாதிக்குப் பாதி என்றால் மைனஸ் 37 வரை தாங்கும், கூலன்டை உறிஞ்சி உறைநிலை பார்க்கும் சோதனைக் குழாயும் அதையொட்டித்தான் காட்டியது. கீழே சிந்தியதை உடனே துடைத்தேன், கூலன்ட் இனிப்பாக இருக்கும், பக்கத்து வீட்டுப் பூனை நக்கினால் செத்துப்போகும்.

ஜனவரி 19

சினூக் என்கிற வெப்பக் காற்று மலைப்பக்கமிருந்து வந்து பனியெல்லாம் உருகி ஓடுகிறது, ப்ளஸ் 6. ஹீட்டர் சுடுகிறது, ஆனால் இந்த வெயிலில் அதை நம்பி என்ன சொல்ல? ரிசர்வ் டாங்கில் கூலன்ட் ஒரு விரல் இறங்கியிருந்தது, மீதிக் காற்று வெளியே வந்திருக்கும். ஊற்றி வைத்தேன். தொடர்ந்து இறங்கினால் எங்கோ ஒழுகல், சைலன்ஸரில் இனிப்பு வாடையோடு வெள்ளைப் புகையும் வந்தால் ஹெட் கேஸ்கட் (எஞ்சின் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவே உள்ள அடைப்புத் தகடு) போயிருக்கும்.

ஜனவரி 23

மறுபடி மைனஸ் 19. சிக்னலில் நின்றாலும் சூடான காற்று, களக் களக் சத்தம் இல்லை, இரண்டு ஹோஸும் சுடுகின்றன. டாங்க் அதே கோட்டில் நிற்கிறது.

கராஜுக்குச் சொன்னேன். "அப்படியா, சந்தோஷம்" என்றார்கள், அந்த 1,400 பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் ஊற்றிய கூலன்டுக்கான பணத்தையாவது கொடுங்கள் என்று கேட்டிருக்கிறேன், முதலாளி திங்கட்கிழமைதான் வருவாராம்.