கரும்பலகையில் படம் வரையாத ஒரு மாதம்

ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு ஓவியம் கற்றுத்தர நம் தொடக்கப் பள்ளிகளில் பெரும்பாலும் தனி ஆசிரியர் இருப்பதில்லை. தமிழும் கணக்கும் நடத்துகிற வகுப்பாசிரியரே அந்தப் பாடவேளையையும் எடுத்துக்கொள்ள வேண்டும். அம்பாசமுத்திரம் வட்டாரத்தில் அப்படி ஒரு வகுப்பாசிரியையாக இருக்கிற நான், ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் ஓவிய வகுப்பை எங்கிருந்து தொடங்குவது என்பதைப் பற்றி இங்கே எழுதுகிறேன். முதல் ஒரு மாதம் ஆசிரியர் கரும்பலகையில் எந்தப் படத்தையும் வரைந்து போட்டு, "இதைப் பார்த்து வரையுங்கள்" என்று சொல்லவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

எந்த வகுப்பிலும் தாளைக் கொடுத்து விரும்பியதை வரையச் சொன்னால், பெரும்பாலான பிள்ளைகள் ஒரே படத்தைத்தான் வரைகிறார்கள். முக்கோணமாய் இரண்டு மலைகள், நடுவே கதிர் விரித்து எழும் சூரியன், மலையிலிருந்து வளைந்து இறங்கும் ஆறு, கரையில் ஓலைக் குடிசை, சாய்ந்த தென்னை, வானத்தில் நான்கைந்து பறவைகள். அக்காள் தம்பிக்குச் சொல்லித் தந்தும், ஆசிரியர் பலகையில் வரைந்து காட்டியும் தலைமுறை தலைமுறையாக வருகிற படம் இது. ஆனால் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு மலை மேற்கே இருக்கிறது. பாபநாசத்துக்குப் பின்னால் எழுந்து, 1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியர் மலை வரை அடுக்கடுக்காகப் போகிற பொதிகைத் தொடரில் சூரியன் மறையுமே தவிர உதிக்காது. நாள்தோறும் சாயங்காலம் பள்ளி விட்டு வீட்டுக்கு நடக்கும்போது அந்தப் பிள்ளைகள் கண்ணால் காண்பது ஒன்று, தாளில் போடுவது வேறொன்று. ஆறு வயதிலேயே கண்ணை நம்பாமல் பழகிய படத்தை நம்பத் தொடங்கிவிட்டார்கள் என்பதுதான் எனக்குக் கவலை தருகிறது.

அதனால் முதல் வாரத்தில் நான் தாளும் பென்சிலும் கொடுப்பதற்கு முன்பு பிள்ளைகளை மைதானத்துக்கு அழைத்துப் போய், மேற்கே பார்த்து உட்கார வைக்கிறேன். பத்து நிமிடம் பார்ப்பது மட்டும்தான் வேலை. ஜூனில் தென்மேற்குக் காற்று வீசத் தொடங்கி, குற்றாலத்தில் சாரல் விழுகிற நாட்களில் மலையின் மேல்பாதி மேகத்துக்குள் போய்விடும். எது முன்னால் இருக்கிறது, எது பின்னால் இருக்கிறது, எந்த மலை கருநீலமாகவும் எது சாம்பலாகவும் தெரிகிறது என்று கேட்டால், அதுவரை வாய் திறக்காத பிள்ளைகளும் போட்டி போட்டுக்கொண்டு சொல்வார்கள். பிறகு வகுப்பறைக்குள் வந்து வரையும்போது முக்கோணங்கள் தாமாகவே குறைந்துவிடுகின்றன. ஒரு மூன்றாம் வகுப்புச் சிறுமி மலைக்கு உச்சியே போடவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "மேகம் மூடியிருக்குல்லா டீச்சர், அதுக்கு மேல எப்படி இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றாள். இதைவிட நேர்மையான ஓவிய வகுப்பை நான் நடத்திவிட முடியாது.

இராதாபுரம், பணகுடி பக்கத்துப் பள்ளி என்றால் மைதானத்தில் உட்கார்ந்து பார்க்கக் காற்றாலைகள் இருக்கும். உவரிப் பிள்ளைகளுக்குக் கடல் இருக்கிறது. திசையன்விளைப் பக்கம் தேரிக்காட்டின் செம்மணல் இருக்கிறது. அந்தப் பிள்ளைகளும் அதே இரண்டு மலைகளையும் தென்னையையும் வரைந்துகொண்டிருக்க வேண்டிய அவசியம் என்ன?

முதல் வகுப்புப் பிள்ளைகளின் நிலை வேறு. பலருக்குப் பென்சிலை எங்கே பிடிப்பது என்பதே இன்னும் பிடிபடாத காலம் அது. சிறிய தாளைக் கொடுத்தால் விரல்கள் இறுகி, பென்சில் முனை ஒடிந்து, தாளும் கிழிந்து போகும். அவர்களுக்குச் சிமெண்டுத் தரையும் சாக்பீசும் போதும். தோள்பட்டையிலிருந்து முழுக் கையும் அசையும்படி பெரிய வட்டங்களையும் நீண்ட வளைவுகளையும் போடட்டும். கை பழகிய பிறகு சிலேட்டு, அதன் பிறகு தாள் என்று மெல்ல வரலாம்.

ஆனி மாதத்தில் நெல்லையப்பர் கோயில் பெருந்திருவிழா வருகிறது. ஒன்பதாம் நாள் தேரோட்டத்துக்கு மாவட்டத்தில் உள்ளூர் விடுமுறை விடுவார்கள் என்பதால் பிள்ளைகளில் பலர் அம்மா, ஆச்சியோடு நான்கு ரதவீதிகளில் ஏதாவது ஒன்றில் நின்று தேர் பார்த்துவிட்டுத்தான் மறுநாள் பள்ளிக்கு வருவார்கள். விநாயகர், முருகர், சுவாமி, அம்பாள், சண்டிகேசுவரர் என்று ஐந்து தேர்களையும் வரிசை மாறாமல் சொல்லுகிற பிள்ளைகள் உண்டு. கல்வியாண்டின் தொடக்கத்தில் இதைவிட நல்ல ஓவியப் பொருள் ஓர் ஆசிரியருக்குத் தேடினாலும் கிடைக்காது.

தேர்ப் படத்தில் இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் செய்ததை விரிவாகச் சொல்ல வேண்டும். தாளின் நடுவில் குறுக்காக இரண்டு கோடுகளை வடமாக இழுத்தான். தேரை ஒரு மூலையில் சிறியதாக வைத்தான். பிறகு மேல் வடத்தை ஒட்டி வரிசையாக ஆட்களை நிறுத்தினான். கீழ் வடத்துக்கு வந்ததும் தாளைச் சுற்றித் திருப்பி வைத்துக்கொண்டு, அங்கேயும் அதே போல ஆட்களை வரைந்தான். படத்தை நேராகப் பிடித்தால் ஒரு வரிசை நிமிர்ந்தும், மறு வரிசை தலைகீழாகவும் தெரிந்தது. "ஏல, இவங்க ஏன் தலைகீழா நிக்காங்க?" என்று கேட்டேன். "தலைகீழா இல்ல டீச்சர், அவங்க அந்தப் பக்கம் நின்னு இழுக்காங்க. தாளத் திருப்பிப் பாருங்க" என்றான். திருப்பிப் பார்த்தேன், அவன் சொன்னது சரி. தேர் சிறியதாகவும் வடம் தாளின் நீளத்துக்கும் இருந்ததற்கும் காரணம் இருந்தது: கூட்டத்தில் அவன் கையால் தொட்டது வடத்தைத்தான்.

இப்படி இரு பக்கங்களையும் மடித்து விரித்தது போல வரைவது ஏறக்குறைய ஏழு முதல் ஒன்பது வயது வரையிலான பிள்ளைகளிடம் உலகெங்கும் காணப்படுகிற இயல்பு. பேருந்தின் தகரத்தை ஊடுருவி உள்ளே உட்கார்ந்திருக்கும் ஆட்களைக் காட்டுவது, முக்கியமானதைப் பெரிதாக்குவது, தாளின் அடியில் ஒரு தரைக்கோடு இழுத்து எல்லாவற்றையும் அதன்மேல் நிறுத்துவது ஆகியவையும் அப்படியே. குழந்தை ஓவியத்தின் இந்தப் படிநிலைகளை விக்டர் லோவன்ஃபெல்ட் என்ற கலைக் கல்வி அறிஞர் 1947-இல் விரிவாக எழுதினார். இவை பிழைகள் அல்ல, வளர்ச்சியின் படிகள். ஆசிரியர் சிவப்பு மையால் திருத்தினால், பிள்ளை அடுத்த முறை வடம் இழுக்கிற இரண்டு வரிசைகளில் ஒன்றை விட்டுவிடுவான், அவ்வளவுதான் நடக்கும்.

நம் கோயில் ஓவியர்களும் தாம் சொல்ல வந்ததைச் சொல்ல, கண்ணுக்குத் தெரிகிற ஒரே கோணத்துக்குள் தங்களை அடைத்துக்கொள்ளவில்லை. திருப்புடைமருதூர் நாறும்பூநாதர் கோயில் கோபுரத்தின் உள்ளே, ஐந்து தளங்களிலும், சுவரை அடுக்கடுக்காகப் பிரித்துக் கதைகளையும் போர்க் காட்சிகளையும் தீட்டியிருக்கிறார்கள். குதிரைகளை ஏற்றி வரும் கப்பல் ஒன்றும் அங்கே உண்டு. அந்தப் படத்தை அச்செடுத்துக் காட்டினால் பிள்ளைகள் வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். சுவரெல்லாம் ஓவியமான குற்றாலத்துச் சித்திரசபைக்குப் போன பிள்ளை வகுப்பில் ஒருவராவது இருப்பார். அவரையே பேசச் சொல்லலாம்.

வண்ணத்துக்கு வருகிறேன். கிரையான் பெட்டியில் வெளிர் ரோஜா நிறத்தில் ஒரு குச்சி இருக்கும். பிள்ளைகள் அதைத்தான் ‘ஸ்கின் கலர்’ என்கிறார்கள். தன் முகத்தை வரைகிற பிள்ளை, தன் தோலுக்குச் சற்றும் பொருந்தாத அந்தக் குச்சியைத் தேடி எடுப்பதும், அது தீர்ந்துபோன பிள்ளை முகத்துக்கு வண்ணமே தீட்டாமல் விடுவதும் எனக்குப் பொறுக்க முடியாத காட்சி. எனவே ஆண்டின் முதல் வண்ண வகுப்பை இதற்காகவே ஒதுக்குகிறேன். இடக்கையைத் தாளின்மேல் வைத்துக்கொண்டு, பக்கத்திலேயே அதே நிறம் வருகிறவரை கலந்து பார்க்க வேண்டும். மஞ்சளையோ ஆரஞ்சையோ முதலில் இலேசாகத் தடவி, அதன்மேல் பழுப்பைத் தேய்த்து, தேவைப்பட்டால் கருநீலத்தை மிகக் கொஞ்சம் சேர்க்கலாம். மெழுகுக் குச்சியில் வெளிர் நிறம் முதலிலும் அடர் நிறம் மேலேயும் வர வேண்டும். மாற்றிச் செய்தால் அழுக்காகிவிடும். பிள்ளைகள் தங்கள் கைகளை ஒன்றையொன்று ஒட்டி வைத்துப் பார்த்து, ஒவ்வொரு கைக்கும் ஒவ்வொரு கலவை என்று தாங்களே கண்டுபிடிப்பார்கள். அதன் பிறகுதான் முகம்.

நான்காம், ஐந்தாம் வகுப்புகளுக்குக் கைவேலையையும் சேர்த்துக்கொள்ளலாம். தாமிரபரணிக் கரைக் கோரையை ஓடும் நீரில் ஊறவைத்து, சாயமேற்றி, பருத்தி நூல் பாவில் நெய்யப்படுகிற பத்தமடைப் பாய்க்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பழைய காலண்டர் தாள்களைக் கீற்றுகளாக வெட்டி, ஒன்று மேல் ஒன்று கீழ் என்று பின்னச் சொன்னால், அந்தப் பாயின் ஓரத்தில் கோலம் எப்படி உண்டாகிறது என்பது விரலுக்கே புரிந்துவிடும். களிமண் வேலைக்கு, மண்பாண்டம் வனைகிற காருகுறிச்சி அருகில் இருக்கிறது.

தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு 2005, பத்தாம் வகுப்பு வரை கலையை ஒரு பாடமாகவே கற்பிக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. நடைமுறையில் தேர்வு நெருங்க நெருங்க ஓவியப் பாடவேளை கணக்குக்குப் போய்விடுகிறது. அதனால்தான் ஜூன், ஜூலை மாதங்களை இவ்வளவு வற்புறுத்துகிறேன். அரசுப் பள்ளிகளில் 2022-23 முதல் நடக்கிற கலைத் திருவிழா வரவேற்கத்தக்கது. கிராமத்துப் பிள்ளைகளுக்கு மேடை கிடைத்திருக்கிறது. ஆனால் போட்டிக்கு அனுப்ப வேண்டுமே என்று, நன்றாக வரைகிற இரண்டு மூன்று பேரைப் பள்ளி திறந்த உடனேயே பிரித்தெடுத்துவிட்டால், மற்ற பிள்ளைகள் தங்களுக்கு ஓவியம் வராது என்று ஏழு வயதிலேயே முடிவு செய்துவிடுகிறார்கள்.

இந்த மாதத்துப் படங்களுக்கு நான் மதிப்பெண் போடுவதில்லை. "நல்லாயிருக்கு" என்று ஒரு சொல்லில் முடிப்பதும் இல்லை. படத்தைப் பற்றிப் பிள்ளையைப் பேசவிட்டு, சொன்னதை அவர்கள் பேசிய மொழியிலேயே தாளின் பின்புறம் பென்சிலால் எழுதி, தேதியும் போட்டு, ஆளுக்கொரு கோப்பில் சேர்த்து வைக்கிறேன். ஏப்ரலில் அந்தக் கோப்பை வீட்டுக்குக் கொடுத்துவிடாமல், அடுத்த வகுப்பு ஆசிரியரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று எங்கள் பள்ளியில் இப்போது பேசிக்கொண்டிருக்கிறோம். ஜூனில் புதிய ஆசிரியர் முதலில் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு வகுப்பைத் தொடங்கலாம்.