எடை எந்த வழியாக இறங்குகிறது?

யாங்கோனில் பழைய கட்டடம் ஒன்றைப் பழுது பார்க்கக் கூப்பிடுகிறவர்கள் முதலில் சொல்வது, "வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம்" என்பதுதான். வேலைக்கு அந்த விவரம் போதாது. ஹென்றி ஹோய்ன்-ஃபாக்ஸ் வரைந்த செயலகம் 1889இல் தொடங்கி 1905இல் முடிந்தது. பன்சோடான் சாலையில் பாமர் அண்ட் டர்னர் நிறுவனம் வரைந்த சார்ட்டர்ட் வங்கிக் கட்டடம் 1941இல் முடிந்தது. இரண்டும் வெள்ளைக்காரன் காலத்தவைதான். ஆனால் முதல் தலைமுறைக் கட்டடத்தில் செங்கல் சுவரே மொத்த எடையையும் சுமக்கிறது. கடைசித் தலைமுறையில் சுமப்பது தூணும் உத்தரமும் சேர்ந்த சட்டகம். சுவர் வெறும் மறைப்பு. ஒன்றில் சரியாகப் போகும் வேலையை மற்றதில் செய்தால் கட்டடம் கெடும். இந்த நகரில் நாங்கள் எதிர்கொள்ளும் சேதங்களில் பெரும்பகுதி மழையால் மட்டும் வந்ததில்லை. அதற்கு முன் யாரோ செய்த பழுதுபார்ப்பும் அதில் சேர்ந்திருக்கிறது.

ஆகவே சாரம் கட்டுவதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டியது, எடை எந்த வழியாகத் தரைக்கு இறங்குகிறது என்பது. அதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். தரைத்தளத்து ஜன்னல் ஓரத்தில் அளவு நாடாவை வையுங்கள். சுவர் கனம் இரண்டடியை ஒட்டி இருந்து, மேலே போகப் போக மாடிக்கு அரைச் செங்கல் வீதம், அதாவது நாலரை அங்குலம் வீதம் குறைந்தால், அது எடை தாங்கும் சுவர். எல்லா மாடியிலும் ஒரே கனம், நடுவே சீரான இடைவெளியில் தூண்கள் என்றால் சட்டகம். பிறகு தலையைத் தூக்கிக் கூரையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். மூன்று முதல் ஐந்தடிக்கு ஓர் இரும்பு உத்தரம், இரண்டுக்கும் நடுவே செங்கல்லில் தாழ்வான வளைவு என்றால் அது ஜாக் ஆர்ச் தளம். தட்டையான கான்கிரீட் தளம் என்றால் பெரும்பாலும் பின்னால் வந்தது. இரும்பில் சுரண்டிப் பார்த்தால் ஆலையின் பெயரே உருட்டிப் பதித்திருக்கும். பன்சோடானும் மெர்ச்சன்ட் சாலையும் சேரும் மூலையில் 1906இல் எழுந்த சோஃபேர் கட்டடத்தின் உத்தரங்கள் ஸ்காட்லாந்தின் லனார்க்‌ஷயரிலிருந்து வந்தவை; தரை ஓடுகள் மான்செஸ்டரிலிருந்து வந்தவை.

வரைந்தவர்களின் வரிசை தெரிந்திருந்தால் பாதி ஊகம் மிச்சம். பொதுப்பணித் துறைப் பொறியாளரான ஹோய்ன்-ஃபாக்ஸ் செயலகத்தையும் 1911இல் முடிந்த பொது மருத்துவமனையையும் தந்தார். இந்திய அரசின் முதல் ஆலோசனைக் கட்டடக் கலைஞரான ஜேம்ஸ் ரான்சம், மகா பண்டுல பூங்காவை ஒட்டி மணிக்கூண்டோடு நிற்கும் உயர் நீதிமன்றத்தை வரைந்தார். அது 1911இல் முடிந்தது. அவருக்குப் பின் அந்தப் பதவிக்கு வந்த ஜான் பெக், ஸ்ட்ராண்ட் சாலையின் சுங்க மாளிகையைக் கொடுத்தார். இந்த மூவரும் செங்கல்லை நம்பியவர்கள். 1920களில் தாமஸ் ஒலிஃபண்ட் ஃபாஸ்டர் துறைமுக அலுவலகத்தை வரையும்போது முறை மாறிக்கொண்டிருந்தது. 1930களில் முடிந்த நகர மண்டபத்தில், பர்மியரான ஊ தின், பகோடாக்களின் அடுக்குக் கூரையைக் கட்டடத்தின் தலையில் ஏற்றினார். 1920களின் கட்டடங்கள்தான் எங்களுக்கு மிகவும் சிக்கலானவை. சில பக்கம் சுவர் தாங்கும், சில பக்கம் கான்கிரீட் தாங்கும். அறைக்கு அறை சோதிக்காமல் ஒரு சுவரிலும் கை வைக்கக் கூடாது.

செங்கல் கட்டடங்களுக்கு முதல் எதிரி சிமெண்ட். இதை எத்தனை முறை சொன்னாலும் வீட்டுக்காரர்களுக்கு மனம் ஒப்புவதில்லை, ஏனென்றால் சிமெண்ட் பூசிய சுவர் முதல் இரண்டு வருடம் நன்றாகவே இருக்கும். யாங்கோனில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,700 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் பெரும்பகுதி மே முதல் அக்டோபர் வரை. அந்த மாதங்களில் சுவர் தண்ணீரைக் குடிக்கும், குளிர் காலத்தில் திருப்பி வெளியே விடும். சுண்ணாம்புச் சாந்து செங்கல்லைவிட மென்மையானது, ஆகவே ஈரம் செங்கற்களுக்கு நடுவே உள்ள சந்து வழியாக வெளியேறும். அந்தச் சந்துகளைச் சிமெண்டால் அடைத்தால் அந்த வழி போய்விடுகிறது. ஈரம் செங்கல்லின் முகம் வழியாகத்தான் வர வேண்டும். தண்ணீரில் கரைந்து வந்த உப்பு, முகத்துக்குச் சற்று உள்ளே படிகமாகி, மேல் தோலைத் தள்ளி உதிர்க்கும். சிமெண்ட் கோடுகள் மட்டும் முன்னால் துருத்திக்கொண்டு, நடுவே செங்கல் அரை அங்குலம் குழிந்துபோன சுவர்கள் இந்த ஊரில் தெருவுக்குத் தெரு உண்டு. பிளாஸ்டிக் பெயிண்ட்டும் இதே சேதத்தைச் செய்யும், கொஞ்சம் மெதுவாக.

பழைய சாந்து எது என்று சாவி முனையால் கீறிப் பாருங்கள். சுண்ணாம்பு தூளாக உதிரும், சிமெண்டில் கீறல் மட்டும் விழும். மாற்றுச் சாந்துக்கு, ஊறிய சுண்ணாம்பு ஒரு பங்கு, சுர்க்கி எனும் செங்கல் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு என்பது வெளிச் சுவருக்கு நம்பகமான கலவை. சுண்ணாம்பை நீற்றியபின் தண்ணீருக்கு அடியில் குறைந்தது ஒரு மாதம் ஊற விட வேண்டும், மூன்று மாதம் விட்டால் இன்னும் நல்லது. அவசரப்பட்டால் நீறாத துணுக்குகள் பூச்சுக்குள் போய்ப் பொங்கிக் கொப்புளம் போடும். சுர்க்கி, குறைந்த சூட்டில் வெந்த செங்கல்லின் தூளாக இருக்க வேண்டும். கருகிய செங்கல்லின் தூளுக்குச் சுண்ணாம்போடு சேரும் குணம் இல்லை. மணலை ஒரு கண்ணாடி பாட்டிலில் தண்ணீர் விட்டுக் குலுக்கி வையுங்கள். மேலே படியும் சேறு, மணல் உயரத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கைத் தாண்டினால் அந்த லோடைத் திருப்பி அனுப்புங்கள். கடல் ஏற்றம் யாங்கோன் ஆறு வரை வருவதால் உப்பையும் பார்க்க வேண்டும். நாக்கில் வைத்துப் பார்க்கும் மேஸ்திரிகளின் பழக்கத்தை நாங்கள் இன்னும் விடவில்லை.

பழைய சாந்தை, சந்தின் அகலத்தைப்போல் இரண்டு மடங்கு ஆழத்துக்கு, ஓர் அங்குலத்துக்குக் குறையாமல், உளியும் சிறு சுத்தியலும் கொண்டு கையால் எடுக்க வேண்டும். கிரைண்டர் வேண்டாம். செங்குத்துச் சந்துகளில் கிரைண்டரின் வட்டத் தகடு மேல் செங்கல்லையும் கீழ்ச் செங்கல்லையும் வெட்டாமல் நிற்காது, அந்தக் காயம் எந்நாளும் ஆறாது. எடுத்த இடத்தை முந்தின நாளே நனைத்து வைத்து, சாந்தை அடுக்கடுக்காக அழுத்தி நிரப்பி, ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு ஒரு வாரமாவது காய விடாமல் காக்க வேண்டும். நவம்பரில் தொடங்கி பிப்ரவரிக்குள் முடிப்பது உத்தமம். ஏப்ரல் வெயிலில் சாந்து இறுகும் முன்பே வறண்டுவிடும்.

நம் தமிழ் வீட்டுக்காரர்களிடமிருந்து அடிக்கடி வரும் கேள்வி ஒன்று உண்டு. அனோரதா சாலைப் பக்கமும், முன்பு மொகல் தெருவாக இருந்த ஷ்வே பொந்தா தெருவிலும் காரைக்குடிப் பூர்வீகம் உள்ள குடும்பங்கள், "முட்டை வெள்ளைக்கருவும் கடுக்காயும் போட்டால் என்ன?" என்று கேட்பார்கள். செட்டிநாட்டு வீடுகளின் பளபளப்பான உள் பூச்சுக்கு அது பொருந்தும். வெளிச் சுவருக்கு அந்தச் செலவு வீண். மழையில் நனைந்தபடியே இறுகும் குணம் சுர்க்கியிடம் இருக்கிறது, முட்டையிடம் இல்லை. உள் முற்றத்துச் சுவரில் ஆசைக்குச் செய்துகொள்ளலாம், அதற்கும் கை பழகிய கொத்தனார் கிடைக்க வேண்டும்.

ஜாக் ஆர்ச் தளம்தான் உயிர்ச் சேதம் வரக்கூடிய இடம், ஆகவே அதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறோம். வளைவு ஒவ்வொன்றும் தன்னைத் தாங்கும் இரும்பை இரு பக்கமும் வெளியே தள்ளுகிறது. பக்கத்து வளைவு எதிர்ப்பக்கமிருந்து அதே அளவு தள்ளுவதால் இரும்பு நேராக நிற்கிறது. சுவரை ஒட்டிய கடைசி வளைவில் எதிர்த்துத் தள்ள ஆளில்லை என்பதால் அங்கே உத்தரங்களைத் துளைத்து இழுகம்பி போட்டிருப்பார்கள். இப்போது ஒரு வீட்டுக்காரர் கழிப்பறைக் குழாய்க்காகவோ படிக்கட்டுக்காகவோ நடுவில் ஒரு வளைவை உடைக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வளைவின் தள்ளலுக்கு எதிர் இல்லை. உத்தரம் பக்கவாட்டில் வளையும், அந்த வளைவு தொய்யும், அதற்கடுத்தது தளரும். முழுத் தளமும் இறங்க ஒரு மணி நேரம் போதும். உடைத்தே ஆக வேண்டுமென்றால், இரு பக்கமும் இரண்டிரண்டு வளைவுகளுக்குக் கீழே பலகை வைத்து முட்டுக் கொடுத்து, உத்தரங்களைக் குறுக்கே இரும்பால் பிணைத்தபிறகே சுத்தியலை எடுக்க வேண்டும். உத்தரத்தின் கீழ் விளிம்போடு வளைவு சேரும் முதல் வரிசைச் செங்கல்லை எக்காரணத்துக்கும் தனியாகப் பிடுங்கக் கூடாது.

இந்தத் தளத்தில் நோய் தெரியும் விதமும் தனி. கூரைப் பூச்சில் மூன்றடி, நாலடிக்கு ஒன்றாக ஒரே திசையில் நேர்க்கோட்டு விரிசல் ஓடினால், உள்ளே உத்தரத்தின் கீழ் விளிம்பு துருப்பிடிக்கிறது என்று பொருள். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். அந்த நெருக்கல்தான் பூச்சைப் பிளக்கிறது. விரிசலைப் பட்டி பார்த்து மூடினால் நோய் மறைகிறது, நிற்பதில்லை. பூச்சைத் தட்டி எடுத்து, கம்பித் தூரிகையால் தேய்த்து, விளிம்பின் கனத்தைக் காலிப்பரால் அளந்து, கெடாத இடத்தின் கனத்தோடு ஒப்பிட வேண்டும். பத்தில் ஒரு பங்குக்கு மேல் போயிருந்தால் பொறியாளர் கணக்குப் போடாமல் மேற்கொண்டு போகக் கூடாது. சுவருக்குள் புதைந்திருக்கும் உத்தர முனைதான் முதலில் போகும், அதிலும் குளியலறைப் பக்கத்து முனை. வெளியே நல்ல இரும்பாகத் தெரிவது, சுவரில் இரண்டு செங்கல்லை எடுத்துப் பார்த்தால் அட்டை அட்டையாக உரியும்.

அந்த ஈரம் எங்கிருந்து வருகிறது என்று தேடினால், பெரும்பாலும் வரைந்தவர் போட்ட மழைநீர் வழியைப் பின்னால் வந்தவர் மாற்றியது தெரியவரும். ஒரு குடும்பத்துக்கோ ஓர் அலுவலகத்துக்கோ கட்டிய மாடியில் இன்று நாலைந்து குடும்பம் இருக்கிறது. பின்பக்கம் சமையலறைகள் முளைக்கின்றன. பிவிசி குழாய்கள் பழைய வார்ப்பிரும்புக் குழாயில் செருகப்படுகின்றன. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிகள் ஏறுகின்றன. ஆயிரம் லிட்டர் தண்ணீர் ஒரு டன். தொட்டியைத் தளத்தின் நடுவில் வைக்காமல், கீழே சுவர் வரும் இடத்தில் இரும்புக் கட்டில் போட்டு ஏற்ற வேண்டும். 2008 மே மாதம் நர்கிஸ் புயலில் போன கூரைகளில் பல, அவசரத்தில் மெல்லிய தகட்டால் மூடப்பட்டன. பழைய தாழ்வாரத்தின் நீட்டம் அதில் குறைந்துபோய், மழை நேரே கார்னிஸில், அதாவது சுவரின் உச்சியில் துருத்தி நிற்கும் விளிம்பில், விழுகிறது. அந்தக் கார்னிஸ் விரிசலில்தான் அரசங்கன்று பிடிக்கும். பச்சையாக இருக்கும்போது இழுத்துப் பிடுங்கினால் வேரோடு நாலு செங்கல் வரும். தண்டை வெட்டி, வெட்டு வாயில் துளையிட்டுக் களைக்கொல்லி ஊற்றி, வேர் செத்துச் சுருங்கியபின் எடுத்து, அந்தப் பொந்தைச் சுண்ணாம்புச் சாந்தால் ஆழம் வரை நிரப்ப வேண்டும்.

1930களின் கான்கிரீட்டுக்கு வந்தால் இதுவரை சொன்ன சுண்ணாம்பு எதுவும் உதவாது. காற்றிலிருக்கும் கரியமில வாயு மெல்ல உள்ளே இறங்கி, கம்பியைக் காக்கும் காரத்தன்மையைக் குறைத்துவிடுகிறது. எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று அறிய, புதிதாக உடைத்த முகத்தில் பினாப்தலீன் கரைசலைத் தெளியுங்கள். இளஞ்சிவப்பானால் காரம் இருக்கிறது, நிறம் மாறாவிட்டால் போய்விட்டது. நிறம் மாறாத ஆழம் கம்பியை எட்டியிருந்தால் துரு ஏறிக்கொண்டிருக்கும். இதில் பொதுவாக நடக்கும் பிழை, உதிர்ந்த இடத்தை மட்டும் ஒட்டுப் போடுவது. புதுச் சாந்துக்குள் கம்பி காப்பாற்றப்படும், ஒட்டின் ஓரத்தில் பழைய கான்கிரீட்டுக்குள் அதே கம்பி முன்னைவிட வேகமாகத் துருப்பிடிக்கும். சில வருடத்தில் ஒட்டைச் சுற்றி வளையமாக உதிரும். கம்பிக்குப் பின்னால் முக்கால் அங்குலம் வரை குடைந்து, துரு இல்லாத கம்பி தெரியும் வரை நீளத்தில் போய், சுத்தமாகத் தேய்த்தபின்பே அடைக்க வேண்டும்.

செயலகத்தின் நடுக் குவிமாடத்தை இன்று காண முடியாது. 1930 மே 5ஆம் தேதி பகோ நிலநடுக்கத்தில் சேதப்பட்டு, பிறகு இல்லாமலே போயிற்று. செங்கல் அழுத்தத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. உயரத்தில் தனியாக நிற்பது எதுவோ அதுதான் முதலில் ஆடும். 2025 மார்ச் 28இல் மாண்டலேயும் சகாயிங்கும் பட்ட பாட்டைப் பார்த்தபின் இங்கேயும் பலர் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். முழுக் கட்டடத்தையும் வலுப்படுத்தப் பணமில்லாதவர்கள் முதலில் தெருப்பக்கத்துக் கைப்பிடிச் சுவரையும் முகப்பு முக்கோணங்களையும் துருப்பிடிக்காத எஃகுப் பட்டையால் பின்னாலிருந்து தளத்தோடு பிணைத்துக்கொள்ளலாம். அதற்கடுத்து, மாடித் தளத்தின் மர உத்தரங்களைச் சுவரோடு கட்டுவது. நகராட்சி 1996இல் பட்டியலிட்ட 189 பாரம்பரியக் கட்டடங்களில் உங்களுடையது இருந்தால், முகப்பைத் தொடும் முன் அனுமதி வாங்க வேண்டும்.

வருடத்துக்கு ஒருமுறை செய்ய வேண்டியது, ஏப்ரலில் தண்ணீர்த் திருவிழா முடிந்த வாரத்தில் கூரையில் ஏறுவது. வாய்க்காலில் இருக்கும் இலையையும் புறா எச்சத்தையும் வாரியபின், ஒவ்வொரு மழைநீர்க் குழாயின் வாயிலும் இரண்டு வாளி ஊற்றி, கீழே ஓர் ஆளை நிறுத்திப் பாருங்கள். ஊற்றிய வேகத்தில் வராவிட்டால் நடுவில் அடைப்பு. குறைவாக வந்தால் வழியில் எங்கோ சுவர் குடிக்கிறது. குழாயை மாற்றும்போது சுவரோடு ஒட்ட வைக்காதீர்கள். இரண்டங்குலம் தள்ளிக் கவ்வி போட்டால் ஒழுகினாலும் சொட்டு வெளியே விழும், பின்பக்கம் பெயிண்ட் அடிக்கத் தூரிகையும் நுழையும்.