அப்பத்தாவின் இசைகுடிமானமும் டி.ஓ.கே. மதிப்பெண்ணும்

பிளஸ் டூவுக்கு நிகரான ஐ.பி. (இன்டர்நேஷனல் பாக்கலாரியேட்) டிப்ளோமாவில் டி.ஓ.கே. என்றொரு பாடம் உண்டு. விரித்துச் சொன்னால் 'தியரி ஆஃப் நாலெட்ஜ்'; நமக்குத் தெரிந்ததெல்லாம் எப்படித் தெரிந்தது என்று கேட்கும் பாடம். காரைக்குடியில் உறவுக்காரர்கள் "அதுல எத்தனை மார்க்கு ஆத்தா?" என்று கேட்டால் சட்டென்று பதில் வராது. பரீட்சை கிடையாது. ஒரு கட்டுரை, ஒரு கண்காட்சி, தலா 10 மதிப்பெண். கட்டுரையை இரட்டித்து மொத்தம் 30க்குக் கணக்கிட்டு, ஏ முதல் இ வரை ஓர் எழுத்தாகத் தருவார்கள். அதோடு எக்ஸ்டெண்டெட் எஸ்ஸே என்ற தனி ஆய்வுக் கட்டுரையின் எழுத்தும் சேர்ந்து அதிகபட்சம் 3 புள்ளி. டிப்ளோமாவின் மொத்தப் புள்ளி 45இல் 3 தானே என்று விடவும் முடியாது; இரண்டில் எதிலாவது இ வந்தால் டிப்ளோமாவே போச்சு.

கண்காட்சிக்கு 35 கேள்விகளில் ஒன்றை, சொல் மாற்றாமல் எடுக்க வேண்டும். மூன்று பொருட்கள், மொத்தம் 950 சொற்களுக்குள், குழுவாகச் செய்யக் கூடாது. 'ஒரு கூற்றுக்கு நல்ல ஆதாரம் எது?' என்பதை எடுத்துக்கொண்டு விடுமுறையில் பெட்டகத்தைக் குடைந்தேன். அப்பத்தாவின் கல்யாணத்தில் எழுதிய இசைகுடிமானம் என்ற திருமண ஒப்பந்தம், அவர் மாமனாரின் பர்மா காலத்துப் பேரேடு, முகப்பில் பெயர்ந்து கிடந்த ஓர் ஆத்தங்குடித் தரைக்கல்.

பேரேடுதான் அசைக்க முடியாத சாட்சி என்றேன். அப்பத்தா கேட்டார்: "கடன் குடுத்தவுக எழுதுன கணக்கு. வாங்குனவன் என்ன எழுதி வச்சிருந்தானோ?"

என் கண்காட்சியில் மதிப்பெண் வாங்கித் தந்தது அந்தக் கேள்விதான் என்பது என் கணிப்பு. இசைகுடிமானத்தில் இரு வீட்டாரும் கையெழுத்திடுகிறார்கள். பேரேட்டில் ஒரு தரப்பு மட்டும். கண்ணாடி மேல் கலவை ஊற்றிக் கையால் செய்த கல்லுக்கோ எழுத்தே தேவையில்லை, பக்கத்துக் கல்லோடு அச்சாக ஒத்துப்போகாத கோடே அதன் சாட்சி. செட்டிநாட்டுப் பெருமை பேசினால் இதில் மதிப்பெண் இல்லை. பர்மாத் தேக்கு பற்றி ஆசையாக எழுதிய பத்தியை முழுசாக வெட்டினேன்.

திருத்தும் முறையும் வேறு. இதற்கு 2, அதற்கு 3 என்று பிரித்துப் போட மாட்டார்கள். நம்மைச் சுற்றியுள்ள உலகில் டி.ஓ.கே. வெளிப்படுவதைக் காட்டியிருக்கிறதா என்ற ஒரே கேள்வியோடு முழுவதையும் படித்து, எந்தப் படிநிலைக்குப் பொருந்துகிறதோ அங்கே வைப்பார்கள். ஆசிரியர் ஒரு வரைவுக்குத்தான் கருத்துச் சொல்லலாம். அவர் போட்ட மதிப்பெண்ணும் இறுதியல்ல. பள்ளியின் மாதிரிகளை ஐ.பி. சரிபார்த்து ஏற்றவோ இறக்கவோ செய்யும்.

கட்டுரைக்குத் தலைப்பு ஆறில் ஒன்று, 1,600 சொற்களுக்குள், திருத்துவது வெளித் தேர்வாளர். ஆசிரியரோடு மூன்று முறை பேசியதைப் படிவத்தில் பதிய வேண்டும்.

டி.ஓ.கே.யில் எனக்கு பி. எக்ஸ்டெண்டெட் எஸ்ஸேயில் சி. ஆக 2 புள்ளி.

வீட்டுப் பழம்பொருளை எடுக்க நினைப்பவர்களுக்கு ஒன்று: படம் வைத்தாலே போதும், பேரேட்டைப் பள்ளிக்குத் தூக்கிப் போக வேண்டாம். எங்கள் அப்பத்தா கொடுத்திருக்கவும் மாட்டார்.